மூத்ததை வென்ற இளையது

நல்ல நூலொன்றை எழுதியவர் அதற்குத் தொடர்ச்சியாக இன்னொன்றை எழுதப் புகுந்தாரென்று கேள்வியுற்றால், படிப்பவர் நெஞ்சு சற்றே நடுங்கும். முதல் நூல் எழுதியவரின் தவிப்பிலே பிறக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் பதிப்பித்தவரின் ஆசையிலே பிறக்கிறது. திரைப்படங்களின் நிலையும் இதுவே. மூத்ததை இளையது வென்ற கதைகளைத் தேடிப் பொறுக்கினால் விரல்கள் மிஞ்சும். அத்தகைய அருங்கதையொன்றை நாம் நேரிற் கண்டிருக்கிறோம். கண்டது நூலிலன்று, நாடகத்திலன்று. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துப் பிள்ளைகள் ஆடும் விளையாட்டொன்றிலே. இதை வாசித்தவுடன் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமென்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எமக்கும் எம் தம்பிக்கும் இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு இது. இன்னும் தீர்ப்பாகவில்லை.

விளையாட்டின் பெயர் ரொக்மான். யப்பானிலே ஒசாகா நகரத்துக் கப்கொம் நிறுவனத்தார் 1987ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் திகதி அதனை வெளியிட்டனர். அமெரிக்காவில் அதற்கு மெகாமான் என்று பெயர் சூட்டினர். அங்கு விற்ற பெட்டியின் மேலட்டையைப் பிற்காலத்தில் நாம் படத்திற் பார்த்துச் சிரித்திருக்கிறோம். நீலமும் மஞ்சளும் உடுத்த, முகம் வாடிய ஓர் ஆடவன் கைத்துப்பாக்கியோடு குனிந்து நிற்கிறான். உள்ளேயிருப்பவனோ கை முழுவதுமே துப்பாக்கியான, உருண்டைத் தலைக்கவசம் அணிந்த சிறு பையன். வரைந்தவர் விளையாட்டைப் பார்த்திருக்கமாட்டார் என்றே எண்ணத் தோன்றும்.

கதை சிறிது. நல்ல விஞ்ஞானி ஒருவர் மனிதருக்கு ஊழியம் செய்ய ஆறு இயந்திர மனிதரைப் படைக்கிறார். கலாநிதி வைலி என்னும் பொல்லாதவன் அவர்களைக் கவர்ந்து தன் படைத்தலைவர் ஆக்குகிறான். வீட்டுவேலைக்கென்று செய்யப்பட்ட சிறுவனான ரொக், போர்க்கோலம் பூண்டு அவர்களை எதிர்க்கிறான். பள்ளத்தைத் தாண்டியும், ஏணியில் ஏறியும், எதிர்ப்படுவோரைச் சுட்டும் செல்வது மற்றைய விளையாட்டுகளிலும் உள்ளதுதான். இதிலுள்ள புதுமை இரண்டு. ஆறு தலைவர்களில் யாரை முதலில் எதிர்ப்பதென்பதை ஆடுபவரே தீர்மானிக்கலாம். வென்றவனின் ஆயுதம் வென்றவருக்கே உரித்தாகும். அவ்வாயுதத்துக்கு அஞ்சும் வேறொரு தலைவனும் இருப்பான். கல், கத்தரிக்கோல், காகிதம் என்று பிள்ளைகள் கையால் ஆடும் விளையாட்டிலிருந்தே இவ்வெண்ணம் பிறந்ததென்பர். கத்தரிக்கோலைத் தலையிற் சூடிய கட்மான், பாறை தூக்கும் கட்ஸ்மானின் ஆற்றலுக்குப் பணிவதைக் கண்டவர்க்கு அது நன்கு விளங்கும்.

நாம் இதனை அறிந்தது 1996ஆம் ஆண்டிலே. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் அம்மாவும் நாமும் தம்பியுமாகக் குடியேறிய ஆண்டு அது. எமக்குப் பதினான்கு வயது, தம்பிக்குப் பதினொன்று. ஊரிலே ஆண்டுக்கணக்காக மின்சாரம் கண்டறியாத பிள்ளைகளுக்குச் சுவரிலிருந்த ஆளியே ஒரு விளையாட்டுப் பொருளாயிருந்தது. அக்காலத்தில் கொழும்புக் கடைகளில் பமிக்கொம் என்னும் யப்பானியப் பொறியைப் பார்த்துச் செய்த மலிவான போலிகள் விற்பனையாயின. பிள்ளைகள் அவற்றை 'ரீவி கேம்' என்றனர். உள்ளே சொருகும் பேழைக்குக் 'கசெற்' என்றும், கைவிசைக்கு 'ரிமோட்' என்றும் பெயர். மாமா புறக்கோட்டையிலிருந்து ஒரு பொறியையும் இரண்டு கசெற்றுகளையும் வாங்கிவந்து தந்தார். ஒன்று ரொக்மான், மற்றையது ரொக்மான் 2. எது முந்தியது, எது பிந்தியது என்பதை இலக்கம் பார்த்தே அறிந்தோம்.

மின்சாரத்தைக் கண்ட மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அவ்வாண்டு மழை பொய்த்தது. நாட்டின் மின்சாரத்திற் பெரும்பகுதி மலைநாட்டு நீர்த்தேக்கங்களை நம்பியிருந்தமையால், நீர் வற்ற விளக்கும் வற்றியது. நாள்தோறும் மணிக்கணக்கான மின்வெட்டு. குப்பி விளக்கை ஊரிலே விட்டுவிட்டு வந்தோமென்று எண்ணியிருந்த அம்மா மறுபடியும் ஒன்றைச் செய்துகொண்டார். மின்வெட்டின் நேரம் பத்திரிகையில் வரும். மின்சாரம் அந்த நேரத்தைப் பெரிதாக மதித்ததாக எமக்கு நினைவில்லை.

இந்த வீட்டுக்குள்ளேதான் முதலாவது ரொக்மானின் குறை எமக்குப் புலப்பட்டது. அது இருந்த இருப்பில் ஆடி முடிக்கவேண்டிய விளையாட்டு. ஆறு தலைவர்கள், அதன்பின் வைலியின் கோட்டை. தோற்றால் எத்தனை முறையும் தொடரலாம். ஆனால் பொறியை அணைத்தால் எல்லாம் அழியும். ஐந்து தலைவரை வென்று ஆறாமவன் வாயிலில் நிற்கையில் திரை கறுத்துப் போகும். மீண்டும் மின்சாரம் வரும்போது ஆறு முகங்களும் எதுவும் நடவாதது போல் எம்மைப் பார்த்து நிற்கும். தம்பி அழமாட்டான், ரிமோட்டின் கம்பியைக் கையிற் சுற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். ஒரே மாதத்தில் இவ்வாறு நான்கு முறை நிகழ்ந்தது. இடம்பெயர்ந்து வந்த வீட்டில் பிள்ளை இவ்வாறு படுப்பதை அம்மாவாற் பார்க்க முடியவில்லை. "அந்தச் சனியனைக் கட்டி மேலே வை" என்றார்.

மின்வெட்டுக்கு விளையாட்டைச் செய்தவர் பொறுப்பல்லர் என்று வாசகர் கூறலாம். உண்மை. மின்வெட்டு இல்லாத நாளிலும் அவ்விளையாட்டு அப்படித்தான் நடந்தது என்பதே எமது முறைப்பாடு. கட்ஸ்மானின் நிலத்தை எடுத்துக்கொள்வோம். தொடங்கிப் பத்து வினாடி ஆகுமுன், கம்பித்தடத்தில் ஊர்ந்துசெல்லும் ஏந்துபலகைகள் வரும். தடத்தில் இடைவெளி உள்ள இடத்தில் பலகை கவிழும்; அக்கணம் கால் தரையிலிருந்து எழும்பியிராவிட்டால் மரணம். ஆடக் கற்பிப்பதற்கு முன்னரே தண்டிக்கும் ஆசிரியரை நாம் பள்ளியிலும் கண்டிருக்கிறோம். முட்களின் கதை இதனினும் கொடிது. இவ்வகை விளையாட்டுகளில் எதிரியிடம் அடிபட்டவன் உடல் சிறிதுநேரம் மின்னும். அந்நேரம் வேறெதுவும் அவனைத் தீண்டாது. அடிபட்டவனுக்கு மூச்சுவிட அவகாசம் கொடுக்கும் இம்முறையை முதலாவது ரொக்மானும் கைக்கொண்டது. முட்களுக்கு மாத்திரம் அது செல்லாது. அடிபட்டு மின்னிக்கொண்டே முள்ளில் விழுந்தாலும் சாவுதான்.

இன்னுமொன்று. இடையில் ஒரு தலைவனின் நிலத்திலே, காந்தக் கதிர் என்னும் கருவி பாறைகளுக்குப் பின்னால் மறைந்துகிடக்கும். அதனை எடுத்தால் ஆகாயத்திற் பலகை அமைத்து நடக்கலாம். எடுத்தாக வேண்டுமென்று எங்கும் சொல்லப்படவில்லை. பாறையை அகற்றும் ஆற்றல் இல்லாமல் வந்தவன் பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான். ஆனால் வைலியின் கோட்டைக்குள் நுழைந்தபின் அஃதின்றி மேலே ஏற முடியாது! அதுவரை வந்தவன் திரும்பிப்போய்த் தேடவேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாகத் திரையின் உச்சியில் ஒரு புள்ளிக்கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். அதனால் எதையும் வாங்க முடியாது. அதை யாரும் நினைவில் வைத்திருப்பதுமில்லை. காசு போட்டு ஆடும் கடைப் பொறிகளில் அடுத்தவன் பார்த்துப் பொறாமைப்படுவதற்கென ஏற்பட்ட வழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து குந்தியிருந்தது, அவ்வளவே.

எம் தம்பியின் கட்சியையும் இங்கு சொல்லிவிட வேண்டும். இல்லையேல் கனடாவிலிருந்து கடிதம் வரும். முதலாவதே சிறந்ததென்பது அவன் வாதம். அதில் எதுவும் இனாமாகக் கிடையாது. வென்ற நிலத்துக்குள் மீண்டும் சென்று ஆடலாம். இரண்டாவதில் வென்ற தலைவனின் வாயில் மூடியே விடும். மஞ்சட் பூதம் என்று நாம் அழைத்த பெரிய அரக்கன் துண்டு துண்டாகப் பிரிந்து திரையைக் கடந்து பறப்பான். அவனை மின்னற் கதிரால் அடித்துவிட்டு, ஆட்டத்தை நிறுத்தும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால், ஒரே அடி பல அடிகளாக விழும். இதைத் தானே கண்டுபிடித்ததாகத் தம்பி நெடுநாள் நம்பியிருந்தான். உலகிலுள்ள பிள்ளைகள் அனைவரும் அதைத் தாமே கண்டுபிடித்திருந்தனர் என்பது பின்னரே தெரிந்தது. செய்தவர் விட்ட பிழையைப் பிள்ளை ஆயுதமாக்கிய அந்த மகிழ்ச்சியை நாம் மறுக்கமாட்டோம்.

இனி இரண்டாவது பிறந்த கதை. முதலாவது விற்பனையில் பெருவெற்றி அடையவில்லை. தொடர்ச்சி வேண்டுமென்று நிறுவனம் ஏங்கிக் கிடக்கவுமில்லை. முதலாவதை நெறிப்படுத்திய அகிரா கிற்றமுராவும் அவருடன் உழைத்த சிறு குழுவினருமே அதனை விரும்பினர். ஏனைய வேலைகளைக் கைவிடாமல் செய்வதானால் செய்யலாமென்று அனுமதி கிடைத்தது. ஆகவே பகலிலே நிறுவனத்தின் வேலை, எஞ்சிய பொழுதிலே தம் சொந்த வேலை என்று மாதக்கணக்கில் உழைத்தனர். அக்குழுவில் உருவங்களை வரைந்த கெய்ஜி இனாபுனே, தாம் செய்த வேலைகளில் மிக இன்பமாக இருந்த காலம் அதுவேயென்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1988ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் திகதி ரொக்மான் 2 வெளிவந்தது. தொடர்ச்சி பதிப்பித்தவரின் ஆசையிலே பிறக்கிறதென்று தொடக்கத்தில் எழுதினோமே, அதற்கு இது விலக்கு. ஊதியம் தருபவர் கேளாத ஒன்றை உழைப்பவரே கேட்டு வாங்கிச் செய்திருக்கிறார்கள்.

அளவு இருமடங்காயிற்று என்பது உண்மை. முதலாவது கசெற்றின் நினைவகம் 128 கிலோபைற். இரண்டாவதன் நினைவகம் 256. இக்காலத்தில் கைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் இவ்விரண்டையும் சேர்த்ததிலும் பெரிது. தலைவர்கள் ஆறிலிருந்து எட்டாயினர். ஆனால் பெருக்கம் வேறு, திருத்தம் வேறு. அக்காலத்துத் தொடர்ச்சிகள் செய்ததென்ன? 1986இல் யப்பானில் வந்த சுப்பர் மரியோவின் இரண்டாம் பாகம், முதலாவதைக் கரைத்துக் குடித்தவர்களுக்கென்றே கடுமையாக்கப்பட்டது. அமெரிக்கப் பிள்ளைகள் அதைக் காண 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கெட்டிக்காரரை மேலும் கெட்டிக்காரராக்குவது ஒரு வழி. ரொக்மான் 2ஐச் செய்தவர்கள் வேறு வழியிற் சென்றனர். முதலாவதை ஆடிய பிள்ளை எந்த இடத்தில் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனதோ, அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய்த் திருத்தினர்.

பொறியைப் போட்டவுடனேயே வேறுபாடு தெரியும். இரவு நேரம். உயர்ந்ததொரு கட்டடத்தின் சுவர் வழியே எம் பார்வை மெல்ல மேலேறுகிறது; ஏற ஏற இசையும் விரைகிறது. உச்சியிலே தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ரொக்மான் நிற்கிறான். காற்றில் அவன் தலைமயிர் அசைகிறது. பொத்தானை அழுத்தினால் கவசத்தை அணிந்துகொண்டு ஒளிக்கீற்றாய் மேலே பாய்கிறான். அவ்வளவுதான், ஒரு சொல் பேசுவதில்லை. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆர் அந்தப் பிள்ளை, குளிரிலே நிக்குது?" என்று கேட்டது எமக்கு நினைவிருக்கிறது. முதலாவதில் அவர் யாரையும் பற்றி அவ்வாறு கேட்டதில்லை.

எமக்கு உயிர் கொடுத்தது அடையாளக் கட்டம். தலைவன் ஒருவனை வென்றபின் கேட்டால், ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து கட்டங்கள் கொண்ட சதுரம் ஒன்றைக் காட்டும். அதில் ஒன்பது சிவப்புப் புள்ளிகள். அப்புள்ளிகளைக் குறித்துவைத்து, இன்னொரு நாள் அதேபோல் இட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கசெற்றுக்குள் மின்கலம் வேண்டியதில்லை. புறக்கோட்டைப் போலிக் கசெற்றாயினும் குறைவில்லை. நினைவு பொறியில் இருப்பதில்லை, ஆடுபவரின் தாளில் இருக்கிறது. மின்வெட்டால் தாளை என்ன செய்ய முடியும்?

எமது கணக்குப் பாடத்துச் சதுரக் கோட்டு அப்பியாசக் கொப்பியின் பின்பக்கங்கள் இவ்வாறு நிறைந்தன. தம்பி ஆடுவான், புள்ளியை எழுதுவது எம் பொறுப்பு. "அக்கா, எழுதினியா? சரி பார்த்தியா?" என்று இருமுறை கேட்காமல் அவன் பொறியை அணைக்க விடமாட்டான். குப்பி விளக்கின் வெளிச்சத்தில் அப்புள்ளிகளை வைத்துக்கொண்டு இருவரும் ஆராய்ச்சி செய்தோம். முதல் வரிசையில் எப்போதும் ஒரேயொரு புள்ளிதான். அது கையிலுள்ள தாங்கிகளின் எண்ணிக்கையைச் சொல்லும். மற்றைய எட்டும் எட்டுத் தலைவருக்கு உரியவை. தலைவன் உயிரோடிருந்தால் ஒரு கட்டம், வீழ்ந்தால் வேறொரு கட்டம். இதைக் கண்டதும் தம்பி முதல் வரிசைப் புள்ளியைக் கடைசிக் கட்டத்துக்கு நகர்த்தி, உழையாமலே நான்கு தாங்கி பெறப் பார்த்தான். பொறி மறுத்துவிட்டது. தாங்கியின் தொகை மாறினால் ஏனைய புள்ளிகள் யாவும் இடம்பெயரும்படி அமைத்திருந்தார்கள். பதினொரு வயதுக் கள்ளனை எதிர்பார்த்தே அவர்கள் அதைச் செய்திருக்க வேண்டும்.

தாங்கி என்றோமே, அது 'ஈ' என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த சிறு கலம். வழியிலே ஆங்காங்கே இருக்கும். நான்கு வரை சேர்க்கலாம். உயிர் ஒடுங்கும் வேளையில் ஒன்றைத் திறந்தால் முழு வலுவும் திரும்பும். இதனால் விளையாட்டு எளிதாகிவிட்டதென்று தம்பி சொல்வான். தாங்கி இருப்பதால் அடி குறைவதில்லை. எப்போது அதைத் திறப்பதென்ற கவலைதான் கூடுகிறது. மாத முடிவில் அம்மா சீனிப் போத்தலைப் பார்ப்பது போல நாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முட்களின் கொடுமையும் நீங்கியது. அடிபட்டு மின்னும் உடலை இரண்டாவதில் முள்ளும் தீண்டாது. புள்ளிக்கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டனர். அது போனதை நாம் பல வாரங்கள் கவனிக்கவேயில்லை.

காந்தக் கதிருக்கு நேர்ந்ததே மிக அழகான திருத்தம். அதன் வேலையைச் செய்யும் மூன்று கருவிகளை இரண்டாவதில் வைத்தார்கள். அவை மூலையில் ஒளிந்து கிடப்பதில்லை; குறித்த மூன்று தலைவரை வென்றால் நல்ல விஞ்ஞானியே தருவார். தவறவிட வழியில்லை. ஆனால் அவற்றைப் பெறும் ஒழுங்கை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஹீற்மான் என்னும் நெருப்புத் தலைவனின் நிலத்திலே தோன்றித் தோன்றி மறையும் கற்களில் தாவி நெடுந்தூரம் செல்லவேண்டும். எந்தக் கல் எப்போது தோன்றுமென்பதை ஓசையால் மனனம் செய்து போகலாம். அல்லது எயார்மானை முதலில் வென்று, அவ்வெற்றியாற் கிடைக்கும் பறக்கும் பலகையில் ஏறி அத்தனையையும் கடந்து செல்லலாம். நாம் பலகையிற் சென்றோம். தம்பி கற்களில் தாவினான், விழுந்தான், மறுபடி தாவினான். ஒரே வீட்டில் ஒரே கசெற்றில் இருவரும் இரு வழியாக அதே கரையை அடைந்தோம். முதலாவதிலும் காந்தக் கதிர் வைத்திருப்பவனுக்கு இத்தகைய குறுக்குவழிகள் உண்டு; ஆனால் அது கதவுக்குப் பின்னால் பூட்டி வைத்த கருணை.

குயிக்மானின் நிலம் இதற்குமேல். கீழே விழுந்துகொண்டேயிருக்க வேண்டும், இருபுறமிருந்தும் ஒளிக்கதிர்கள் பாயும், தொட்டால் சாவு. காலத்தை நிறுத்தும் ஆயுதமொன்று பிளாஷ்மானிடமிருந்து கிடைக்கும். அதைக் கொண்டு கதிர்களை உறையவைக்கலாம். ஆனால் ஒருமுறை ஏவினால் வலு தீரும்வரை அது ஓயாது. அதே ஆயுதந்தான் குயிக்மானின் பாதி உயிரையும் பறிக்க வல்லது. வழியிற் செலவிடுவதா, வாயிலுக்கென்று சேமிப்பதா? தம்பி சேமிக்கும் கட்சி. கதிர்களின் ஒழுங்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விழுவான்: "வலம், வலம், நில், இடம்..." பக்கத்து வீட்டுச் சிங்களக் கிழவி, பிள்ளை தேவாரம் பாடமாக்குகிறான் என்று எண்ணி அம்மாவிடம் மெச்சியிருக்கிறார்.

அந்த எட்டுத் தலைவரையும் கப்கொம் நிறுவனத்தார் தாமாகக் கற்பனை செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். யப்பானியப் பிள்ளைகளிடம் வரைந்து அனுப்பும்படி கேட்டிருந்தனர். 8000க்கும் மேற்பட்ட சித்திரங்கள் வந்தனவாம். தேர்வானவற்றை இனாபுனே திருத்தி வரைந்தார்; விளையாட்டின் முடிவில் அப்பிள்ளைகளின் பெயர்களும் வரும். மெற்றல்மான் என்பவன் வட்டவாள் எறிபவன். அவ்வாளை நாம் பெற்றால் எட்டுத் திசையிலும் எறியலாம், வலுவும் எளிதில் தீராது. மற்றைய ஆயுதங்களைத் தூசி படியவைக்கும் அளவுக்கு அது நல்லது. அது ஒரு குறையென்றே சொல்வோம். கோட்டையில் அவனை மறுபடி சந்திக்கும்போது, அவனுடைய வாளை அவன்மீதே எறிந்தால் இரண்டே அடியில் வீழ்வான். அதைக் கண்ட அன்று தம்பி கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தான். கொழும்புக்கு வந்தபின் அவன் அவ்வாறு சிரித்தது அன்றுதான்.

குறைகள் உண்டு, மறைக்கமாட்டோம். வைலியின் கோட்டைக்குள் அடையாளக் கட்டம் பயன்படாது; அங்குள்ள ஆறு பகுதிகளையும் ஒரே இருப்பில் முடிக்கவேண்டும். நான்காம் பகுதியின் இறுதியில் ஓர் அறை. அதன் சுவர்களும் சுவர்க்குழல்களும் ஒரேயொரு வகைக் குண்டுக்கே உடையும். குண்டுகளோ எண்ணிக் கொடுத்தவை. ஒன்றை வீணடித்தாலும் உள்ளே நின்று சாவதைத் தவிர வழியில்லை. கடைசியில் வரும் மாயப் பகைவனையும் ஒரேயொரு ஆயுதந்தான் தீண்டும். அது தீர்ந்திருந்தால் தீர்ந்ததே. கருணை கற்றுக்கொண்டவர்களுக்கும் பழைய புத்தி முற்றாகப் போய்விடவில்லை.

அவ்வாண்டு இறுதியில், மழை பெய்து மின்வெட்டுக் குறைந்தபின், ஓரிரவில் கோட்டையை முடித்தோம். இறுதிக் குகையில் எதிரிகளே இல்லை, இசையும் இல்லை. கூரையிலிருந்து அமிலத்துளி சொட்டும் ஓசை மாத்திரம். அதன்பின் முடிவு. ரொக்மான் தனியே நடக்கிறான். அவனைச் சுற்றிப் பருவங்கள் மாறுகின்றன. பருவத்துக்கேற்ப அவன் நிறமும் மாறுகிறது. கடைசியிற் பார்த்தால் மேட்டிலே தலைக்கவசம் மாத்திரம் கிடக்கிறது, அவனைக் காணோம். "வீட்டுக்குப் போட்டான்" என்றான் தம்பி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பின்வந்தவற்றையும் நாம் அறியாமலில்லை. 1990இல் வந்த மூன்றாவதிலே தரையோடு சறுக்கும் வித்தை சேர்ந்தது. 1991இன் நான்காவதிலே வலுவைத் திரட்டிச் சுடும் துப்பாக்கி சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் ஏதோவொன்று கூடியது. ஆயினும் 15 இலட்சத்துக்கு மேல் விற்று, அத்தொடரின் பெயரை நிலைநிறுத்தியது இரண்டாவதே. 2008இல் ஒன்பதாவதைச் செய்தவர்கள் அந்தச் சறுக்கலையும் திரட்டலையும் களைந்துவிட்டு, இரண்டாவதன் உருவத்துக்கே திரும்பினர். எம் வாதத்துக்கு இதனினும் நல்ல சாட்சி வேண்டியதில்லை. தம்பியோ, அமெரிக்கர்களுக்கு இரண்டாவதில் எளிய வழியொன்றைத் தனியே சேர்த்துக் கொடுத்ததைக் காட்டி, "பார், சலுகையில் வளர்ந்த பிள்ளை" என்பான். எமக்குக் கிடைத்த யப்பானியக் கசெற்றில் அச்சலுகை இருக்கவில்லை என்பதை மாத்திரம் பதிலாகச் சொல்வோம்.

தன் கட்சியை நிலைநாட்ட அவன் 1997இல் ஒரு சபதம் செய்தான். வென்ற ஆயுதங்கள் எதையும் தொடாமல், தாங்கிகளைத் திறவாமல், வெறும் கைத்துப்பாக்கியால் இரண்டாவதை மறுபடி முடிப்பது. முதலாவதின் கடுமையை இரண்டாவதுக்குள் கொண்டுவருவதாம்! ஏழு தலைவரை அவ்வாறே வீழ்த்தினான். குயிக்மான் எஞ்சினான். அந்த வாரம் கனடாவுக்கான கடிதம் வந்தது. மாமாவோடு அவனை அனுப்புவதென்று அம்மா முன்னரே முடிவு செய்திருந்தார். புறப்படும் அன்று காலையில் அவன் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, எழுதினியா? சரி பார்த்தியா?"

பொறி பழுதாகிப் போயிற்று. கொப்பி தப்பியது, வீடு மாறும்போதெல்லாம் அம்மாவின் பெட்டிக்குள் எம்மோடு வந்தது. முதல் ஆறு ரொக்மான் விளையாட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து 2015இல் வெளியிட்ட தொகுப்பு எமது மகனின் கணினியில் இருக்கிறது. அதில் எந்த இடத்திலும் நிறுத்திச் சேமிக்கலாம். அடையாளக் கட்டத்துக்கு இனி வேலையில்லை. ஆனாலும் பழைய கட்டத்தை அதில் அப்படியே வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் அம்மாவின் பெட்டியை ஒழுங்கு செய்கையில் கொப்பி கையிற் பட்டது. கடைசிப் பக்கத்தில் எமது கையெழுத்தில் திகதியும், பென்சிலால் நிரப்பிய ஒன்பது புள்ளிகளும். முதல் வரிசையில் கடைசிக் கட்டம்: திறவாத நான்கு தாங்கிகள்.

மகனை விலக்கிவிட்டு நாமே அமர்ந்து புள்ளிகளை ஒவ்வொன்றாக இட்டோம். பொறி ஏற்றுக்கொண்டது. ஏழு கட்டங்களில் முகமில்லை. வலப்பக்கத்து மேல் மூலையிலே குயிக்மான் அதே முறைப்போடு நின்றான். கைபேசியை எடுத்துத் தம்பியை அழைத்துத் திரையைக் காட்டினோம். அங்கே அதிகாலை. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

"தொட்டிடாத அக்கா" என்றான். "ஆவணியில வாறன்."

நாம் கணினியை அணைத்தோம். கொப்பியைப் பெட்டிக்குள் வைக்காமல் மேசைமேலே வைத்திருக்கிறோம்.